இரண்டாவது இ.சி.ஜி. எங்கே?

“இ.சி.ஜி. பார்த்தாச்சு. எல்லாம் நார்மல். வாயுதான். வீட்டுக்குப் போங்கம்மா.” இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களின் எண்ணிக்கை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. மாரடைப்பு என்று எழுதப்பட்டவர்களைத்தான் மாரடைப்புக் கணக்கில் சேர்ப்பார்கள். வாயு என்று எழுதப்பட்டவள் வாயுக் கணக்கிலேயே போய்ச் சேர்வாள், செத்த பிறகும்.

கட்டம் போட்ட அந்த வழவழப்பான காகிதத்தின் மேல் நமக்குப் பெரிய நம்பிக்கை இருக்கிறது. அதில் ஓடும் கோட்டுக்கு ஆண் பெண் தெரியாது, சாதி தெரியாது, கருவி பொய் சொல்லாது என்கிறோம். கருவி பொய் சொல்லாதுதான். ஆனால் கருவியை எப்போது கட்டிலருகே கொண்டுவருவது, உடம்பில் எங்கே ஒட்டுவது, எத்தனை முறை எடுப்பது, வந்த கோட்டை எந்த அளவுகோலால் படிப்பது என்பதையெல்லாம் மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். அந்த நான்கு முடிவுகளிலும் பெண் ஓர் அடி பின்னால் நிறுத்தப்படுகிறாள். மாரடைப்பில் நான்கு அடி என்பது உயிர் போகும் தூரம்.

காகிதம் இரண்டு

இதயத் தசை ஒவ்வொரு முறை சுருங்குவதற்கு முன்னும் அதன் வழியே ஒரு மெல்லிய மின்னலை பரவுகிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் துல்லியமாக வரையும் கருவியைச் செய்தார். அலைகளுக்கு பி, கியூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டவரும் அவர்தான். 1924இல் நோபல் பரிசு பெற்றார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று கட்டியால் முழுதும் அடைபட்டால், எஸ்ஸுக்கும் டிக்கும் இடைப்பட்ட கோடு தன் தரையை விட்டு மேலே எழும்பும். நெஞ்சில் தொல்லை என்று வருகிறவருக்கு, வந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட மருத்துவ விதி.

இவ்வளவு பலருக்கும் தெரியும். அடுத்தது தெரிவதில்லை. முழு அடைப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உடனே ஆஞ்சியோபிளாஸ்டி செய்து குழாயைத் திறப்பது. அந்த வசதி பக்கத்தில் இல்லாத ஊர்களில், கட்டியைக் கரைக்கும் ஊசி. ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிபிளேஸ் போன்றவை அந்த ஊசிகள். ஊசி போட்டதால் மட்டும் கட்டி கரைந்துவிடாது. சிலருக்குக் கரையும், சிலருக்குக் கரையாது. வலி குறைந்ததை வைத்தும் முடிவுக்கு வர முடியாது, வலிக்குத் தனியாக மருந்து கொடுத்திருப்பார்கள்.

கட்டி கரைந்ததா என்று சொல்லும் மலிவான சாட்சி அதே இ.சி.ஜி.தான். ஊசி போட்ட 60 முதல் 90 நிமிடத்துக்குள் இன்னொன்று எடுத்து, முதல் காகிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எழும்பியிருந்த கோடு பாதியளவுக்காவது இறங்கியிருந்தால் ரத்தம் மீண்டும் ஓடத் தொடங்கியது என்று கொள்ளலாம். இறங்கவில்லையென்றால் ஊசி தோற்றுவிட்டது. ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள மருத்துவமனைக்கு அந்தக் கணமே அனுப்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

முதல் காகிதம் நோயைச் சொல்கிறது. சிகிச்சை பலித்ததா என்பதை இரண்டாவதுதான் சொல்கிறது. ஊசியோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் இடத்தில் அந்த இரண்டாவது காகிதம் தவறிப்போகும். நோயாளி பெண் என்றால் அது தவறிப்போக இன்னும் சில காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன.

கூச்சத்தின் விலை

1816இல் பாரிஸில் ரெனே லென்னெக் என்ற மருத்துவர், இதயநோய் அறிகுறிகளோடு வந்த ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டார். காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையை அவள் மார்பிலும் மறு முனையைத் தன் காதிலும் வைத்தார். ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை இது. மருத்துவ மாணவர்கள் லென்னெக்கின் பெயரைப் படிக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் அவர்களுடைய பாடத்தில் இல்லை. போகட்டும். அவருடைய கூச்சம் அவரை இன்னும் நன்றாகக் கேட்க வைத்தது. நம் வார்டுகளின் கூச்சம் கேட்காமலே விடவைக்கிறது.

ஐந்தோவனின் நோயாளிகள் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீரில் முக்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். மார்பைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. மார்பில் ஆறு இடங்களில் லீடு வைக்கும் முறையை அமெரிக்க, பிரிட்டிஷ் இதய மருத்துவச் சங்கங்கள் 1938இல் வரையறுத்தன. இதயத்தின் முன்சுவரைப் பார்க்கும் கண்கள் அவைதான். அவற்றின் இடத்தைக் கண்மதிப்பில் குறிக்க முடியாது, விலா எலும்புகளை விரலால் எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் இரண்டும் நெஞ்செலும்பின் இரு பக்கமும் நான்காம் விலா இடைவெளியில். நான்காவது, காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே ஐந்தாம் விலா இடைவெளியில். பெரும்பாலான பெண்களுக்கு இது மார்பகத்தின் அடியில் வரும். மார்பகத்தை மெல்ல உயர்த்தி அடியில் ஒட்ட வேண்டும்.

அதற்கு ரவிக்கையை முழுதும் கழற்ற வேண்டும், திரை இழுக்க வேண்டும், என்ன செய்யப்போகிறோம் என்று அவளிடம் சொல்ல வேண்டும், அவள் சரி என்று சொல்வதைக் கேட்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. நடப்பது வேறு. திரையின் வளையங்கள் பாதி இருக்காது. கட்டிலைச் சுற்றி யார் யாரோ நிற்பார்கள். ஆண் டெக்னீஷியன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேல்கொக்கி இரண்டை மட்டும் கழற்றச் சொல்லி, கைக்கு எட்டிய இடத்தில் ரப்பர் குமிழ்களை வைத்துவிட்டுப் போவார். அவர் தன்னைக் கண்ணியமானவர் என்று நம்புவார். அவளும் அப்படித்தான் நம்புவாள், நன்றிகூடச் சொல்வாள்.

லீடு ஓரிரு அங்குலம் மேலே போனால் கோடு மாறும். இல்லாத பழைய மாரடைப்பு காகிதத்தில் முளைக்கலாம். இருக்கிற புதிய மாரடைப்பு மங்கலாம். சிகிச்சையைக் கண்காணிப்பதில் இது இரட்டிப்பு ஆபத்து. இரண்டு காகிதங்களை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டும் ஒரே இடங்களிலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். முதல் முறை ஐந்தாம் விலாவிலும் அடுத்த முறை ரவிக்கையின் விளிம்பிலும் வைத்து எடுத்தால், கோடு இறங்கியதற்குக் காரணம் மருந்தா, லீடா? யாருக்கும் தெரியாது. ஆனால் “குறைஞ்சிருக்கு” என்று எழுதிவிடுவார்கள்.

என் சித்திக்கு அப்படித்தான் எழுதினார்கள். அங்கன்வாடியில் 30 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊசி போடும் முன் ஒரு பெண் செவிலியர் பொறுமையாக எடுத்த முதல் இ.சி.ஜி.; இரவுப் பணி டெக்னீஷியன் ரவிக்கைக்கு மேலேயே அவசரமாக எடுத்த இரண்டாவது. குறைந்திருப்பதாகச் சொன்னதை நம்பி நாங்கள் காபி குடிக்கப் போனோம். மறுநாள் வலி திரும்பி, வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த இதய மருத்துவர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது ரெண்டும் ஒரே ஆளோட இ.சி.ஜி. மாதிரியே இல்லையே” என்றார். சித்தி பிழைத்துக்கொண்டார். ஒரு மாடி ஏற மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். ஆண்களுக்கு இப்படி நடக்காதா என்று கேட்பீர்கள். அந்த வார்டில் ஓர் ஆணுக்கும் சட்டை மேல் குமிழ் வைக்கப்பட்டதை நான் பார்க்கவில்லை.

கையில் பேனா இருந்தால் போதும். முதல் முறை லீடு வைத்த ஆறு இடங்களையும் தோலில் குறித்துவைத்தால், அடுத்தவர் அதே இடத்தில் வைப்பார். நல்ல இதயப் பிரிவுகளில் இது வழக்கம். எல்லா இடத்திலும் இதை வழக்கமாக்க, பெண்ணின் மார்பைச் சிகிச்சைக்குரிய உடற்பகுதி என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆபாசம், புனிதம் இரண்டையும் வார்டுக்கு வெளியே கழற்றி வைக்க வேண்டும்.

வேலனும் டூட்டி டாக்டரும்

குறிஞ்சித் திணையை வகுப்பில் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் வெறியாட்டில் வந்து நிற்பேன். மகள் மெலிகிறாள். தாய் வேலனை அழைக்கிறாள். வேலன் கழங்கு உருட்டிப் பார்த்து, இது முருகனால் வந்த நோய் என்கிறான். ஆடு பலியாகிறது. ஐங்குறுநூற்றில் கபிலர் இதற்கென்றே வெறிப்பத்து என்று பத்துப் பாடல்கள் பாடியிருக்கிறார். வெறிபாடிய காமக்கண்ணியார் என்ற பெண்புலவருக்கு இந்தத் துறை பெயரோடு ஒட்டிக்கொண்ட அடைமொழியே ஆயிற்று. இந்தப் பாடல்களில் காதலின் மறைவை ரசிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இது நோயறிதலின் பிழையாகவே கண்ணில் படுகிறது. நோய் அவளுடையது. காரணம் அவளுக்குத் தெரியும். களத்தில் எல்லோரும் இருக்கிறார்கள், அவளை ஒருவரும் கேட்பதில்லை.

இன்றைய கழங்கின் பெயர்கள் வாயு, டென்ஷன், பதற்றம், மெனோபாஸ். அமெரிக்காவில் 18 முதல் 55 வயதுக்குட்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் நடத்திய விர்கோ ஆய்வு 2018இல் ஒன்றைச் சொன்னது. மாரடைப்புக்கு முன்பே அறிகுறிகளுக்காக மருத்துவரை நாடியவர்களில், “இது இதயம் சம்பந்தப்பட்டது இல்லை என்று மருத்துவர் நினைத்தார்” என்று சொன்ன பெண்கள் 53 விழுக்காடு, ஆண்கள் 37 விழுக்காடு. 2000இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வின்படி, இதயத்துக்கு ரத்தம் போகாத நிலையிலேயே அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்படும் வாய்ப்பு 55 வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகம். வயோலா வக்காரினோ 1999இல் காட்டியது இன்னும் கொடியது. மாரடைப்போடு அனுமதிக்கப்பட்ட 50 வயதுக்குக் குறைந்தவர்களில், மருத்துவமனையிலேயே இறந்த பெண்களின் விகிதம் ஆண்களைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்.

இதற்கு ஒரு தயாரான பதில் உண்டு. பெண்களின் அறிகுறிகள் “வழக்கத்துக்கு மாறானவை”, அதனால் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பார்கள். யாருடைய வழக்கம்? உலக மக்களில் பாதிப் பேருக்கு வருவது எப்படி மாறானதாகும்? அது பாதி உண்மைகூட இல்லை. அதே விர்கோ ஆய்வில் நெஞ்சில் வலியோ அழுத்தமோ இருந்ததாகச் சொன்ன பெண்கள் 87 விழுக்காடு, ஆண்கள் 89.5. வித்தியாசம் இவ்வளவுதான். பெண்கள் நெஞ்சுவலியோடு தாடை வலியையும் குமட்டலையும் தோள் கனப்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். கேட்பவர் குமட்டலை எழுதிக்கொள்கிறார், நெஞ்சை விட்டுவிடுகிறார். கோளாறு அவள் சொன்ன விதத்தில் இல்லை, இவர் கேட்ட விதத்தில் இருக்கிறது. ஃப்ளோரிடாவில் 1991 முதல் 2010 வரையிலான ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆண் மருத்துவர் பார்த்த பெண்கள் பிழைக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. அந்த ஆண் மருத்துவர்கள் பெண் மருத்துவர்கள் அதிகமுள்ள இடத்தில் வேலை பார்த்தால் அந்த இடைவெளி சுருங்கியது. ஆக, காதைப் பழக்க முடியும்.

யாருடைய இதயத்தை வைத்து அளந்தார்கள்?

ஆஸ்பிரின் முதல் மாரடைப்பைத் தடுக்குமா என்று சோதித்த அமெரிக்க ஆய்வில் 22,071 மருத்துவர்கள் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரும் ஆண்கள். மிஸ்டர் பிட் என்று செல்லமாக அழைக்கப்பட்ட இன்னோர் ஆய்வில் 12,866 பேர். அவர்களும் எல்லோரும் ஆண்கள். பெயரிலேயே மிஸ்டர். ஆண்களிடம் கண்டதைப் பெண்களுக்கும் பொருத்தினார்கள். 2005இல் ஏறத்தாழ 40,000 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு வெளிவந்தபோதுதான், பெண்களுக்கு ஆஸ்பிரின் முதல் மாரடைப்பைக் குறைக்கவில்லை, பக்கவாதத்தைக் குறைத்தது என்று தெரிந்தது. 1991இல் பெர்னடைன் ஹீலி என்ற பெண் இதய மருத்துவர், ஆணைப் போலவே தனக்கும் நோய் இருக்கிறது என்று நிரூபித்தால்தான் பெண்ணுக்கு ஆணுக்குரிய சிகிச்சை கிடைக்கிறது என்று எழுதினார். ஆண்வேடமிட்டுப் படிக்கப்போகும் பெண்ணைப் பற்றிய கதையின் பெயரால் அதை ‘யென்டில் நோய்க்குறி’ என்று அழைத்தார்.

இ.சி.ஜி.யிலும் பெண்ணுக்கு வேறு அளவு உண்டு. மார்பின் இரண்டாம், மூன்றாம் லீடுகளில் கோடு எவ்வளவு எழும்பினால் மாரடைப்பு என்று கொள்வது? 40 வயதுக்குக் குறைந்த ஆணுக்கு 2.5 மில்லிமீட்டர், 40க்கு மேல் 2, பெண்ணுக்கு 1.5. அனைத்துலக வரையறையிலேயே இருக்கிறது. அந்த அரை மில்லிமீட்டர், காகிதத்தின் ஒரு சிறு கட்டத்தில் பாதி. ஆணின் அளவை மட்டும் மனப்பாடம் செய்தவர் கண்ணில் அது படாது. ரத்தத்தில் பார்க்கும் ட்ரோபோனினிலும் இதே கதை. ஒரு வகைச் சோதனையில் லிட்டருக்கு ஆணுக்கு 34 நானோகிராம், பெண்ணுக்கு 16 என்று அளவைப் பிரித்தபோது, எடின்பரோவில் மாரடைப்பு என்று கண்டறியப்பட்ட பெண்களின் விகிதம் 11இலிருந்து 22 விழுக்காடானது. 2015இல் வெளியான ஆய்வு இது. இந்தப் பெண்கள் புதிதாக நோயுற்றவர்கள் இல்லை, முன்பும் இருந்தவர்கள்.

முதல் இ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியாமலே மாரடைப்பு இருக்கலாம். அதனால்தான் வலி நீடித்தால் முதல் ஒரு மணி நேரத்துக்கு 15, 30 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள். “ஒரு இ.சி.ஜி. நார்மல்” என்பது ஒரு கணத்தின் செய்தி. அதைத் தீர்ப்பாக்கி ஒருத்தியை ஆட்டோ ஏற்றி அனுப்பும் உரிமை யாருக்கும் இல்லை.

நம்மிடம் இருப்பதும் இல்லாததும்

நம் மாநிலத்துக்கு இதில் வக்கு இல்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. ஐந்தோவன் 1905இல் மருத்துவமனையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வகத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியே இதயத்தின் அலைகளை வரவழைத்தார். அதையே சிறு மருத்துவமனைகளையும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளையும் இணைத்துச் செய்துகாட்டியது தமிழ்நாடு. இ.சி.ஜி.யை அனுப்பி, அங்கிருந்து சொல்ல, இங்கே ஊசி போட்டு, பிறகு ஆஞ்சியோவுக்குக் கொண்டுபோகும் முறை. 2,420 நோயாளிகளை வைத்து 2017இல் வெளியான அந்த ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6இலிருந்து 14.2 விழுக்காடாக இறங்கியது. 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டம் முதலுதவி மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுபோய் வைத்திருக்கிறது. இவற்றைப் பெருமையோடுதான் சொல்கிறேன். வேலை தெரிந்த மாநிலத்திடம்தான் கணக்கு கேட்க முடியும்.

கணக்கு இது. ஊசி போட்ட பெண்களில் எத்தனை பேருக்கு 90 நிமிடத்துக்குள் இரண்டாவது இ.சி.ஜி. எடுத்தீர்கள்? ஆண்களில் எத்தனை பேருக்கு? கோடு இறங்காதவர்களில் எத்தனை பெண்களை மேல்சிகிச்சைக்கு அனுப்பினீர்கள்? அவர்களில் எத்தனை பேர் “மகன் வரட்டும்”, “வீட்டுக்காரர் கையெழுத்து போடட்டும்” என்று காத்திருக்க வைக்கப்பட்டார்கள்? நினைவோடு, பேச்சோடு படுத்திருக்கும் பெண்ணின் சம்மதத்தை அவளிடம் கேட்காமல் வராந்தாவில் நிற்கும் ஆணிடம் கேட்கும் வழக்கம் எந்த மருத்துவ நூலில் இருக்கிறது? ஆண், பெண் என்று பிரித்து இந்த எண்களை ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் வெளியிடட்டும்.

செவிலியர்களின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்வது எளிது. இரவில் ஒரு வார்டு முழுக்க ஒருவரை ஓடவிட்டுவிட்டு, 90ஆவது நிமிடம் ஏன் தவறியது என்று அவரைக் கேட்பதில் நியாயம் இல்லை. ஆள் போடுங்கள். ஒவ்வொரு பணி நேரத்திலும் இ.சி.ஜி. எடுக்கத் தெரிந்த ஒரு பெண்ணாவது இருக்கட்டும். முழுத் திரை தொங்கட்டும். டெக்னீஷியன் படிப்பில் பெண்ணின் மார்பில் லீடு வைக்கக் கற்றுக்கொடுங்கள், பயிற்சிப் பொம்மை எப்போதும் ஆணாகவே இருக்க வேண்டியதில்லை. இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர் எஸ். பத்மாவதி, பர்மாவில் பிறந்து போர்க்காலத்தில் கோயம்புத்தூரில் அடைக்கலம் புகுந்த குடும்பத்துப் பெண், 1950களிலேயே டெல்லியின் லேடி ஹார்டிங் மகளிர் மருத்துவமனையில் இதய சிகிச்சையைத் தொடங்கிவிட்டார். 103 வயது வரை வாழ்ந்து 2020இல் மறைந்தார். பெண்ணின் இதயம் மருத்துவத்துக்குப் புதிய செய்தி என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வெறியாட்டுக் களத்தில் ஆடு வெட்டப்படும் முன் குறுக்கே வந்து உண்மையைச் சொல்பவள் தோழி. அதற்கு இலக்கணம் வைத்த பெயர் அறத்தொடு நிற்றல். அம்மாவோ, அத்தையோ, விடுதியில் பக்கத்துக் கட்டில் பெண்ணோ, நெஞ்சு அழுத்துகிறது என்று சொன்னால் ஓமத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். “நெஞ்சு வலி” என்ற இரண்டு சொல்லை முதலில் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு சொல்லலாம். திரை இல்லையென்றால் உங்கள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்று, ரவிக்கையைக் கழற்றிச் சரியான இடத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். காகிதம் வந்ததும் போனில் படமெடுத்து வையுங்கள், அந்த மை நாளடைவில் வெளுத்துப் போகும். ஊசி போட்ட நேரம் எத்தனை மணி, அடுத்த இ.சி.ஜி. எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். இரண்டையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதும்வரை கட்டிலை விட்டு நகராதீர்கள்.